துக்க வீட்டில் மட்சா பிரை

ஏப். 13, ஞாயிறு

காலையில் இருந்து தூறல். தோட்டத்துக் கதவு ஊறிப்போய்ப் பூட்ட மறுக்கிறது. உடுப்புத் தோய்த்தாயிற்று, காயப்போட இடமில்லை. ரேடியேட்டர் முழுக்க காலுறைகள்.

நேற்று இரவு நயோமி வீட்டில் யூதர்களின் பெசாக் பெருநாள் முதல் விருந்து. என் மனைவி ரேச்சல் இல்லாத முதல் பெசாக். நயோமி அவளுடைய தங்கை, லண்டனின் அந்தப் பக்கம், கோல்டர்ஸ் கிரீனில் இருக்கிறாள். மகள் லேயாவை அனுப்பினேன், நான் போகவில்லை. ஆண்டுத் திவசம் முடியும்வரை கொண்டாட்ட வீட்டுக்குப் போவதில்லை என்பது எங்கள் முறை. ரேச்சல் செத்துப் போனது தை மாதத்தில்.

பின்னேரம் நயோமி மகளைக் கொண்டுவந்து விட்டாள். லேயா நேரே மாடிக்கு. நயோமி குசினியில் நின்றபடியே, கோட்டைக் கழற்றாமல், ஆங்கிலத்தில் சொன்னாள்: "ஈஸ்டர் விடுமுறைக்குப் பிறகு எங்களோடு இருக்கலாமா என்று லேயா கேட்டாள். உங்களைக் கேட்காமல் நான் பதில் சொல்ல மாட்டேன்."

தேத்தண்ணி போடவா என்று கேட்டேன். வேறென்ன கேட்பது.

போகும்போது இன்னொன்றும் சொன்னாள். அவர்களிடம் பெருநாள் வந்தால் துக்கம் ஒதுங்கி நிற்க வேண்டுமாம். தாயைப் புதைத்த பிள்ளையும் அன்றைக்கு மேசையில் இருந்து பாட வேண்டுமாம். எங்களிடம் துக்கம் வந்தால் பெருநாள்தான் ஒதுங்கும். இரண்டுக்கும் நடுவில் பதினாலு வயதுப் பிள்ளை.

ஏப். 14, திங்கள்

சித்திரைப் புத்தாண்டு. எனக்கு விடிகாலை ஷிப்ட், வேலை செய்யும் ஸ்டேஷன் வாசலில் நல்ல குளிர். பட்டுச் சேலையோடு கோயிலுக்குப் போன ஒரு பெண், "புது வருச வாழ்த்துகள் அண்ணை" என்றாள். தலையாட்டினேன். துக்க வீட்டுக்காரன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

வீட்டில் தலையில் வைக்க மருத்துநீர் இல்லை, கையில் காசு கொடுக்கிற கைவிசேஷம் இல்லை, பலகாரம் இல்லை. லேயா மட்சாவில் பட்டர் பூசி, போனைப் பார்த்தபடி கடித்துக்கொண்டிருந்தாள். மட்சா என்றால் புளிக்க வைக்காத மாவில் சுட்ட தகடு. பெசாக் வாரம் முழுக்க பாணுக்குப் பதில் அதுதான். அட்டைப் பெட்டியைக் கடிப்பது போலச் சத்தம் கேட்கும்.

"அம்மா செய்யிற பிரேக்பாஸ்ட் இந்த வருசம் இல்லையோ அப்பா?"

ஆங்கிலத்தில்தான் கேட்டாள். அவள் கேட்பது எல்லாம் எனக்குள் தமிழாகித்தான் இறங்கும். அம்மா செய்வது மட்சா பிரை. மட்சாவை உடைத்து, நனைத்து, முட்டையில் பிரட்டி, அப்பிளோடு பட்டரில் பொரித்து, சீனியும் கறுவாத்தூளும் தூவுவாள். வீடு முழுக்க மணக்கும்.

"வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. செய்து தாறன்."

போனில் இருந்து தலையை எடுத்து என்னைப் பார்த்தாள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு.

ஏப். 15, செவ்வாய்

பெரியக்கா போன் எடுத்தா. வாய் சும்மா இருக்காமல் மட்சா பிரை செய்யப்போகிற விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"தம்பி, இன்னும் மூண்டு மாசம்கூட முழுசா ஆகேல்லை. வருசம் முடியாமல் வீட்டில இனிப்புச் செய்யிறேல்லை. ஆரும் வெளியில இருந்து குடுத்தா பிள்ளை சாப்பிடட்டும்."

"அவளின்ர தாய் செய்து குடுத்த சாமானக்கா."

"ஓம், அதுக்குத்தான் சொல்லுறன். அவள் தங்கமான பிள்ளை. அவளுக்கு ஒண்டும் குறை விடக் கூடாது."

அக்காவுக்கு ரேச்சல் மேல் அவ்வளவு பிரியம். அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு. எனக்கும் அதேதானே மனதில்.

ஏப். 16, புதன்

கிரீன் ஸ்ட்ரீட் கடைக்குப் போனேன். அப்பிள், பட்டர், காய்ந்த திராட்சை, பாத்ரூம் பல்பு. கறுவா வீட்டில் இருக்கிறது. மட்சா நயோமி தந்த பெட்டியில் பாதி.

அம்மா எப்படிச் செய்வா என்று லேயாவைக் கேட்டேன். "கையால பிழிவா. வேற தெரியாது." அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பதினேழு வருடம் அந்த மணத்தோடு வேலைக்குப் போயிருக்கிறேன், ஒரு நாளாவது பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

ஏப். 18, வெள்ளி

வெயில். முதுகு நோ.

இன்று செய்தேன். செய்தேன் என்று சொல்லவும் வெட்கம்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறிதான், மச்சம் இல்லை, முட்டையும் இல்லை. சின்ன வயதில் இருந்தே அப்படி. ரேச்சல் வெள்ளியிலும் முட்டை உடைப்பாள், தன் தாச்சியில், ஜன்னலைத் திறந்துவிட்டு. எனக்குத் தனியாகத் தோசை. இன்றைக்கு முட்டைப் பெட்டியைத் திறந்தேன், பிறகு மூடினேன். கை போகவில்லை. அக்கா சொன்னதற்காகச் சீனியும் போடவில்லை. அப்பிளில் இருக்கிற இனிப்பே காணும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மட்சாவையும் அவல் ஊறவைக்கிற மாதிரி நன்றாக ஊறவிட்டேன்.

முட்டை இல்லாமல் எது ஒட்டும்? தாச்சியில் கஞ்சி. அதற்கு நடுவே அப்பிள் துண்டுகள்.

லேயா ஒரு கரண்டி வாயில் வைத்தாள். துப்பவில்லை, விழுங்கினாள். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

"இதில சீனி இல்லையோ?"

"மாமி வேண்டாம் எண்டவா. வருசம் முடியட்டும்."

"அம்மா செத்துப் போனா. நாங்களும் சாக வேணுமோ?"

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப் போன குரல். சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு மேலே போனாள். கொஞ்ச நேரத்தில் கதவுக்குப் பின்னால் நயோமியோடு பேசும் சத்தம். நாளைக்கு வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறாள்.

தாச்சியில் மிஞ்சியதைக் குப்பையில் கொட்டினேன். பின்வளவில் ஒரு நரி படுத்துக் கிடக்கிறது, தன் வீடு மாதிரி.

ஏப். 19, சனி

பெசாக் கடைசி நாள் என்று நயோமி கணக்கு. அவர்களின் ஓய்வு நாளான சனிக்கிழமையிலும் கார் ஓட்டுகிறவள் அவள், அவ்வளவு கட்டுப்பாடு இல்லை. பத்து மணிபோல வருவதாகச் சொல்லியிருந்தாள்.

வேளைக்கே எழும்பினேன். ரேச்சலின் தாச்சியை எடுத்தேன். மட்சாவைக் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு உடனே பிழிந்தேன். முட்டை. பட்டர். அப்பிள் ஓரம் சிவக்கும்வரை பொறுமையாக நின்றேன். திராட்சை, கறுவாத்தூள். சீனிப் போத்தலைத் திறந்தபோது அக்காவின் முகம் வந்தது. போட்டேன். ஒன்றல்ல, மூன்று கரண்டி.

மணம் மேலே போயிருக்க வேண்டும். லேயா தலை வாராமல் இறங்கி வந்து, வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள். இருந்தாள். சாப்பிட்டாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்தது, அதை எழுதாமல் விட ஏலாது. இனிப் போகமாட்டாள் என்றே நினைத்துவிட்டேன்.

"உங்கட எங்க அப்பா?"

"நான் பிறகு."

"பிறகு எண்டா?"

"வருசம் முடியட்டும் பிள்ளை. நீ சாப்பிடு."

முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப நான் மட்டும் தனிய இருந்து சாப்பிடவோ?"

பிறகு ஒரு துண்டைக் குத்தி எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினாள். "ஒரு வாய். ப்ளீஸ்." ஒரு வாய் என்றதைத் தமிழில் சொன்னாள். நான் அந்தத் துண்டைப் பார்த்தேன், அதில் ஒட்டியிருந்த சீனியைப் பார்த்தேன். சாப்பிட வேண்டும் என்றுதான் இருந்தது. வாய் திறக்கவில்லை. திறந்தால் ரேச்சலுக்கு ஏதோ துரோகம் செய்கிற மாதிரி. அவள் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

நயோமி மணி அடித்தாள்.

இரண்டு பை, புத்தகப் பை, தலையணை. தலையணையைக் கண்டதும் விளங்கியது, இது ஓரிரு நாளுக்கு இல்லை. லேயா என்னைக் கட்டிப்பிடித்தாள். "மெசேஜ் போடுறன் அப்பா." கார் முடக்கில் திரும்பும்வரை வாசலில் நின்றேன்.

அவள் கோப்பையில் பாதி மிச்சம். ஆறிப்போய், பட்டர் வெள்ளையாக உறைந்திருந்தது. நின்றபடியே முழுவதையும் சாப்பிட்டேன். அவள் குத்தி வைத்த துண்டையும். நல்ல இனிப்பு. ரேச்சல் செய்வது மாதிரியேதான்.

ஒரு வாய்தானே கேட்டாள்.