என் பெயரில் மாட்டிய உன் படம்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் என் வாசலில் வந்து நிற்கும் என் ரூபி அக்காவுக்கு,

நீ போன பிறகும் உன்னோடு பேசுவதை நான் விடவில்லை. துணி அலசும்போது பேசுவேன். ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்து நிற்கும்போது பேசுவேன். கொஞ்ச நாளாகத்தான் பேசவில்லை. வாய் வரவில்லை அக்கா. எழுதினால் உன் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன்.

முதலில் உன் கேமராவைப் பற்றிச் சொல்கிறேன். பத்திரமாக இருக்கிறது. உன் காரியம் எல்லாம் முடிந்த பிறகு உன் தம்பிதான் கொண்டுவந்து கொடுத்தார். "நான் மஸ்கட்லேந்து வாங்கியாந்தது அக்காவுக்குத்தான். ஆனா நீங்க ரெண்டு பேரும்தானே அத்த வெச்சிக்கினு சுத்துவீங்க. நீயே வெச்சிக்கோ" என்றார். நான் மறுக்கவில்லை. ஒரு வார்த்தைக்காவது மறுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ரயிலில் அதை எல்லாரும் ரீல் கேமரா என்றுதான் நினைப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? கறுப்புத் தோலும் மேலே திருகுகிற சக்கரங்களுமாக அது அப்படித்தானே இருக்கும். "இன்னாக்கா, இப்பகூடவா ரீல் விக்கிறாங்க?" என்பார்கள். "புதுசுதாண்டி. வேஷம்தான் பழசு" என்பாய். அந்த வேஷம் நமக்கு நல்லதுதான் செய்தது. செல்போனை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள்கூட இதைப் பார்த்துச் சிரித்தார்கள். சின்னது, கைப்பையில் அடங்கும். சத்தமே வராது. உச்சி வெயிலிலும் நிறம் வெளுக்காது.

குறையும் உண்டு. பேட்டரி மதியத்துக்குள் படுத்துவிடும். இருட்டு என்றால் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் திணறும். லென்ஸைக் கழற்றவும் முடியாது, வேறு மாட்டவும் முடியாது. நாம் வேலை பார்த்த கம்பெனியின் இரும்புத் தூள் எப்படியோ உள்ளே புகுந்து, வானம் வருகிற படத்திலெல்லாம் ஒரே இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. துடைக்க வழியில்லை என்றதும் "கும்மிடிப்பூண்டி முத்திரைனு வெச்சிக்கோ" என்று சிரித்தாய். ஜூமும் கிடையாது. எளாவூர் தாண்டித் தண்ணீரில் நிற்கும் நாரை பொட்டு மாதிரிதான் வரும். நான் குறைப்பட்டபோது நீ சொன்னாய்: "கிட்ட போனாதான் படம். கிட்ட போய்ட்டா பேசித்தான் ஆவணும். அதுக்கு இன்னா இப்போ?"

உனக்கு அது சுலபம். எனக்குத்தான் யார் கிட்டேயும் போக வராது. இருந்தாலும் வண்டியில் கேமரா உன் கைக்கும் என் கைக்கும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே லென்ஸ், ஒரே கார்டு. வீட்டுக்கு வந்து பார்த்தால் எது உன் படம், எது என் படம் என்று தெரியாது. நாமும் பிரித்துப் பார்த்ததில்லை.

என் கஷ்டம் அங்கேதான் தொடங்கியது.

கம்பெனி ஆண்டு விழாவுக்குப் படப்போட்டி என்று பலகையில் ஒட்டியிருந்தார்கள். நம் தொழிலாளர்கள் என்பது தலைப்பு. கார்டில் தேடியபோது நாகம்மாவின் படம் கிடைத்தது. கேன்டீன் நாகம்மாதான். தடாவில் ஏறி, நாம் ஏறுவதற்குள் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவாளே, அப்படித்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் மஞ்சள் பை, கொஞ்சம் திறந்த வாய், கன்னத்தில் காலை வெயில். அந்தக் காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதனால் நான்தான் எடுத்தேன் என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைக்க ஆசைப்பட்டேனா? இன்னும் எனக்கே தெரியவில்லை. போனுக்கு மாற்றி அனுப்பிவிட்டேன்.

முதல் பரிசு, அக்கா. கதவு அளவுக்கு அச்சடித்து மேடையில் வைத்திருந்தார்கள். விருந்தினராக வந்தவர் அதன் முன்னால் நின்று பேசினார். "தூங்கும் பெண்ணை யாரும் எடுத்துவிடலாம். இந்த ஓரத்தைப் பாருங்கள். கம்பியில் தலை இடிக்காமல் இருக்க யாரோ ஒரு கை நடுவில் தாங்குகிறது. முகம் தெரியாத அந்தக் கையைப் பார்த்திருக்கிறாரே, அந்தக் கண்ணுக்குத்தான் பரிசு" என்றார்.

போனில் நான் அந்தக் கையைக் கவனிக்கவே இல்லை. பெரிய படத்தில் பார்த்தேன். புறங்கையில் குறுக்கே ஒரு தழும்பு. கம்பிச் சுருளுக்குப் பட்டை கட்டும்போது அறுந்து கிழித்த தழும்பு. ஸ்டோர்ஸிலிருந்து ஓடிவந்து உன் கைக்குட்டையால் நீ கட்டிவிட்ட கை அது. என் கை.

எல்லாம் ஒரே நொடியில் திரும்பி வந்தது. வண்டி ஆடும்போதெல்லாம் நாகம்மாவின் தலை இடித்துக்கொண்டே இருந்ததும், பக்கத்தில் நின்ற நான் உள்ளங்கையை நடுவில் கொடுத்ததும், எதிரில் நீ கேமராவோடு நின்றதும். நீ அழுத்தியதுகூட எனக்குக் கேட்கவில்லை.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். போனேன். கேடயத்தைக் கொடுத்து, "எப்படிம்மா எடுத்தீங்க?" என்று மைக்கையும் நீட்டினார்கள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் யாருக்குக் கிடைக்கும்? நான் சொன்னது என்ன தெரியுமா? "கிட்ட போய் நின்னு எடுத்தேன் சார்." கைதட்டினார்கள். படத்தோடு சேர்த்து உன் வார்த்தையையும் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் படத்தை ரிசப்ஷன் சுவரில் என் பெயரோடு மாட்டினார்கள். அன்றைக்கே கேன்டீனில் நாகம்மா சாம்பார் வாளியை அப்படியே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "தேவகி, அந்தக் கை யார்துமே? எனுக்குத் தெரியவே தெரியாது, என் தலைய ஒருத்தி தாங்கிக்கினு வந்தாள்னு. நீதானே படம் புட்ச்ச. யார்னு சொல்லேன்."

என் கை தட்டுக்கு அடியில் போய்விட்டது. "தெரியலக்கா. கூட்டத்துல யாரோ" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் வண்டியில் தூங்கவில்லை. பெண்கள் பெட்டியில் ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்துத் திருப்பித் தழும்பு இருக்கிறதா என்று பார்த்தாள். கையின் சொந்தக்காரிக்கென்று வீட்டு மரத்துக் கொய்யா ஒரு பை கொண்டுவந்திருந்தாளாம். நான் பொதுப் பெட்டியில் ஏறத் தொடங்கினேன், ஆண்களோடு நெருக்கிக்கொண்டு. மதியச் சாப்பாட்டுக்கும் போகவில்லை. நான் செய்த ஒரு நல்ல காரியத்தை நான்தான் என்று சொல்ல முடியாத இடத்தில் என்னைக் கொண்டுபோய் நானே நிறுத்தியிருந்தேன்.

ஒரு நாள் மழையில் பொதுப் பெட்டிக்கு ஓட முடியவில்லை. பெண்கள் பெட்டியில் ஏறினேன். பழுத்துக் கனிந்த கொய்யா வாசனை பெட்டி முழுக்க நிறைந்திருந்தது. நாகம்மா பையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஆளே கெடைக்கல தேவகி. கொய்யா அழுவிப் பூடும் போல கீது" என்றாள்.

அவள் எதிரில் போய்க் கையை நீட்டினேன்.

தழும்பைப் பார்த்தாள். விரலால் தொட்டும் பார்த்தாள். "நீயா? அப்போ இன்னாத்துக்கு இல்லேன்ன?"

"படத்த நான் எடுக்கலக்கா. ரூபிக்கா எடுத்துது. என் பேர்ல குடுத்துட்டேன்."

பெட்டியில் எல்லாருக்கும் கேட்டது. நாகம்மா கொய்யாப் பையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். பிறகு சொன்னாள்: "ரூபி புட்ச்சா இன்னா, நீ புட்ச்சா இன்னா. வாயப் பொளந்துக்கினு தூங்குறேன், கம்பெனியே நின்னு பாக்குது. மாட்டுறதுக்கு மின்ன எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே நீ. அதாம்மே பேஜாரா கீது."

அக்கா, அது எனக்குத் தோன்றவே இல்லை. உன்னிடம் திருடியது மட்டும்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இறங்கும்போது நாகம்மா பையை என் கையில் திணித்தாள். "கை உன்துதானே. புடி." அந்தக் கொய்யாவை வீட்டில் உட்கார்ந்து தின்றேன். ஒன்று விடாமல் தின்றேன்.

அதே வாரம் எச்.ஆர். அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், கோபப்படவில்லை. "இப்ப வேலைல இருக்கறவங்க எடுத்த படம்தாம்மா போட்டிக்கு. எனக்குத் தெரிஞ்சதா இருந்தா எறக்கணும். நீங்க சொல்லவே இல்லன்னா அது பாட்டுக்கு ரிசப்ஷன்ல இருக்கும். யோசிச்சுக்கோங்க" என்றார்.

யோசித்தேன். அதுவும் எனக்கு வெட்கம்தான். உன் படமாவது அங்கே இருக்கட்டுமே என்று யோசித்தேனா, என் பெயர் இருக்கட்டும் என்று யோசித்தேனா? மேசையில் வைத்த டீ ஆறிப்போன பிறகுதான், "எறக்கிடுங்க சார்" என்றேன்.

இறக்கிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது உலையின் படம் தொங்குகிறது. உன் படம் அந்தச் சுவரில் இருந்த நாளெல்லாம் என் பெயரில் இருந்தது. உன் பெயரில் ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை. பொய் சொல்லி உன் பெயரை மறைத்தேன். உண்மையைச் சொல்லி உன் படத்தையே எடுக்க வைத்துவிட்டேன். வண்டியில் என் காதுபடவே பேசுகிறார்கள். "செத்துப் போனவ படத்தக்கூட வுடல பாரு." இல்லை என்று நான் எதைச் சொல்வது?

படத்தைச் சுருட்டி என்னிடமே கொடுத்துவிட்டார்கள். இந்த முறை நாகம்மாவிடம் கேட்டேன், என்ன செய்யட்டும் என்று. "என் ஊட்ல அத்தினி பெரிய செவுரு ஏது? உன் ஊட்டுல மாட்டு. ரூபி பேர எய்தி மாட்டு. யார்னா கேட்டா, தூங்குறது நாகம்மான்னும் சொல்லு" என்றாள். கூடத்தில் மாட்டியிருக்கிறேன். உன் பெயரையும் அவள் பெயரையும் கீழே எழுதியிருக்கிறேன். என் பெயரை எழுதவில்லை.

தினமும் பார்க்கிறேன். ஒரே ஒரு அடி நீ பின்னால் தள்ளி நின்றிருந்தால் என் முகமும் வந்திருக்கும். ஏன் தள்ளி நிற்கவில்லை? கூட்டமா, இல்லை அந்தக் கை மட்டும் போதும் என்று நினைத்தாயா? எடுத்த பிறகு என்னிடம் காட்டாமல் ஏன் வைத்திருந்தாய்? என்னைப் பற்றி இவ்வளவு நல்லதாக ஒன்றைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்லாமலே போனாய்?

விழாவுக்குப் பிறகு கேமராவை நான் தொடவில்லை. நாளைக் காலை வண்டிக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். இதோ வந்துட்டா பார் என்று பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஒவ்வொருத்தியிடமும் போய், எடுக்கட்டுமா என்று வாய்விட்டுக் கேட்பேன். வேண்டாம் என்று சொல்கிறவள் பக்கத்தில் கேமராவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வேன். எல்லாரும் வேண்டாம் என்று சொன்னால் மறுநாளும் போய்க் கேட்பேன். இதை உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா.

கூடப் பிறக்காமலே உனக்குத் தங்கச்சியானவள்,
தேவகி