ஒஸ்மாருக்குக் காட்டிய சிவப்பு அட்டை

பைசாந்து,
மார்ச் 9.

அன்பு ஒஸ்மாருக்கு,

நலமா? உன் வீட்டுக்காரி மிர்த்தாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? போன வாரம் உன் வீட்டுக்கு இரண்டு முறை ஃபோன் வந்து, அவள் எடுத்ததும் யாரோ பேசாமல் வைத்தார்களே, அந்தக் கோழை நான்தான். அதனால்தான் கடிதம்.

இங்கே என் வீட்டுக்காரி நெலிதா சுகம். என் இடது முழங்கால்தான் மாடிப்படியைப் பார்த்தாலே முனகுகிறது. பதினேழு வருடம் நடுக்களத்தில் ஓடியதற்குக் கிடைத்த பென்ஷன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கிளப்பில் புதிதாக ஒரு பார்வையாளர் மேடை கட்டியிருக்கிறார்கள். அதற்கு என் பெயராம். வருகிற ஞாயிறு திறப்பு. தலைவர் வீடு தேடி வந்து, "ஏபர், இந்த ஊர் மானத்தக் காப்பாத்துனவன்யா நீ. மைக்குல ரெண்டு வார்த்தை பேசியே ஆகணும்" என்று கட்டிப்பிடித்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

எண்பத்தேழு அரையிறுதியை நீ மறந்திருக்க மாட்டாய். மழை, சேறு, யார் முதுகிலும் எண் தெரியவில்லை. கார்னர் நெரிசலில் எதிரணித் தடுப்பாட்டக்காரன் மூக்கில் முழங்கையால் இடித்தவன் நான். லைன்ஸ்மேன் கை காட்டியது உன்னை. நடுவர் சிவப்பு அட்டையை உன் முகத்துக்கு நேரே நீட்டினார். நீ என்னைப் பார்த்தாய். நான் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினேன். அது அவிழ்ந்திருக்கவே இல்லை, ஒஸ்மார்.

நீயும் வாய் திறக்கவில்லை. கூட ஆடுபவனைக் காட்டிக்கொடுத்தவனுக்கு நம் உடைமாற்றும் அறையில் இடம் கிடையாது. அதை நீ மதித்தாய். நான் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆட்டம் முடிந்து உள்ளே வந்தால், நீ ஒரே குடுவையில் எல்லோருக்கும் முறை வைத்து மாத்தே டீ ஊற்றிக்கொண்டிருந்தாய். என் முறை வரும்போது தாண்டிவிடுவாய் என்று நினைத்தேன். குடுவையை நிரப்பி நீட்டி, "குடிடா, ஆறிடப் போகுது" என்றாய். அதற்குப் பதில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

இறுதி ஆட்டத்துக்கு மெக்சிகோ கிளப்புக்கு ஆள் தேடி வந்த இருவரும் உன்னைப் பார்க்கத்தான் வந்தார்கள். தடை விழுந்து நீ வெளியே உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்தார்கள், அழைத்துப் போனார்கள். ஒன்பது வருடம் அங்கே ஆடினேன். நீ சால்டோவில் ஆரஞ்சுப் பெட்டி தூக்கினாய். நெலிதாவிடமே முந்தாநாள்தான் சொன்னேன். அவள் திட்டவில்லை. "இத எங்கிட்ட ஏன் சொல்றீங்க? சொல்ல வேண்டிய எடம் இதுவா?" என்றாள்.

ஞாயிறு, என் பெயர்ப் பலகையின் துணியை விலக்கும் முன் மைக்கில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று இருக்கிறேன். பிறகு பலகையை வைப்பதோ பிடுங்குவதோ அவர்கள் பாடு. ஆனால் என் லட்சணம் எனக்குத் தெரியும். இதற்கு முன் இரண்டு பாராட்டு விழாக்களில் இதே முடிவோடுதான் மேடை ஏறினேன். நன்றி சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

அதனால் நீ வர வேண்டும். மிர்த்தாவையும் அழைத்து வா. என்னை மன்னிக்க வேண்டாம், கைகூடக் கொடுக்க வேண்டாம். முதல் வரிசையில் உட்கார்ந்தால் போதும். நீ எதிரே இல்லாவிட்டால் இந்த முறையும் நன்றி மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். என்னை அப்படி இறங்க விட்டுவிடாதே.

வெட்கத்துடன்,
ஏபர்