போயிட்டு வர்றோம் என்றவர்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். முதலில் சேதி: வீடு விலைபோய்விட்டது. போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் உன் அம்மா பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துவாள். இப்போது மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறாள், அதனால் நிம்மதியாக எழுதுகிறேன்.

வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள் விற்றுப் பார் என்றும் சொல்லியிருக்கலாம். இத்தனை மாதம் இது கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்ததற்குக் காரணம் வேறு யாரும் இல்லை, நான்தான். விளம்பரத்துக்குக் கூடத்தைப் படம் எடுத்தேன், சமையலறையை எடுத்தேன், மாடி ஜன்னலை இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்தேன். தெருவிலிருந்து நம் வாசல் வரை செங்குத்தாக ஏறும் கல்படிகளை மட்டும் விட்டுவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. படத்தை நம்பி வந்தவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வருவார்கள். ஏறி வந்தவர்களுக்கு முதலில் உட்கார இடம் பார்ப்பது கண்டக்டர் வேலையில் எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, டீயும் கொடுத்து, மூச்சு சீரானதும் வீட்டைச் சுற்றிக் காட்டுவேன். காற்று பிரமாதம், வெளிச்சம் பிரமாதம் என்று எல்லோரும் புகழ்வார்கள். கிளம்பும்போது வாசலில் நின்று போயிட்டு வர்றோம் என்பார்கள். நான் அதை அப்படியே நம்பி, அடுத்த ஆளை இப்போது கூட்டிவர வேண்டாம், இவர்கள் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள் என்று தரகரிடம் சொல்லிவிடுவேன். அம்மா அந்தத் தரகருக்கு இரைப்பு என்று பெயர் வைத்திருக்கிறாள், ஏறி வருகிற அழகைப் பார்த்து. ஒரு நாள் அவர் மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஐயா, வீடு பாக்க வந்தவங்க வேற என்ன சொல்லிட்டுக் கிளம்புவாங்க, போறோம்னா சொல்லுவாங்க என்று கேட்டார். எனக்கு அசடு வழிந்தது.

இதற்கிடையில் முழங்கால் வலியில் அம்மா தெருவை மறந்துகொண்டிருந்தாள். மழைக்காலத்துக்குப் பிறகு அவள் கீழே இறங்கியது ஒரே தடவைதான், டாக்டரிடம் போக. நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கினோம், அத்தனை படிக்கும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு காய்கறி வண்டி வந்தால் ஜன்னலில் நின்று பார்ப்பாள், கூப்பிட மாட்டாள். அப்போதுதான் நீ போன் செய்து, படிக்கட்ட மொதல்ல காட்டுங்கப்பா, அது ஒத்துக்கிறவங்க மட்டும் வரட்டும் என்றாய். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இருந்தாலும் மறுநாள் தெருவில் நின்று படிகளை மட்டும் ஒரு படம் எடுத்து, அதையே முதல் படமாகப் போட்டேன்.

அதோடு கூட்டம் நின்றுவிட்டது. பிறகு ஒரு பெண் வந்தாள். பேண்டு குழுவில் டிரம்பெட் ஊதுகிறாளாம், குடியிருந்த இடத்திலெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்களாம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. டீ வேண்டாம் என்றாள். குழாயைத் திறந்து பார்த்தாள், மாடிச் சுவரில் ஈரம் இருக்கிறது என்றாள், சமையலறை இருட்டு என்றாள். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அப்புறம் அந்தப் பெண் ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, ஐயா, நீங்க தெருவுல போய் நில்லுங்க, சத்தம் கேட்டா கையத் தூக்குங்க என்றாள். வீட்டை விற்கப்போய் இது வேறா என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினேன். கீழே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், ஒன்றும் கேட்கவில்லை. மேலே வந்தால் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள், நல்லாத்தான் ஊதுது பொண்ணு என்கிறாள். அந்தப் பெண் போயிட்டு வர்றேன் என்று சொல்லவே இல்லை. சாவி எப்போ கிடைக்கும் என்றுதான் கேட்டாள். பஸ்ஸிலும் இப்படித்தான், ஏறப்போகிறவன்தான் தன் ஊரில் நிற்குமா நிற்காதா என்று நச்சரிப்பான். அந்த வேலை பார்த்தும் எனக்கு இது உறைக்கவில்லை பார். நீயும் மாப்பிள்ளையும் வீடு பார்க்கப் போகும்போது புகழ்ந்து நேரத்தைப் போக்காதீர்கள், குழாயைத் திறந்து பாருங்கள்.

தெருக்கோடியிலேயே ஒரு சின்ன வீடு எடுத்துவிட்டோம். நேற்று மறுபடியும் நாற்காலியில் இறக்கி அம்மாவுக்கு அதைக் காட்டினேன். வாசலைத் திறந்து ஓர் எட்டு வைத்தால் தெரு. தானே நடந்து வெளியே போய், காய்கறி வண்டிக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டு, ஒன்றும் வாங்காமல் அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தாள். பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்லும் வழக்கம் நம் வீட்டில் இல்லை. எழுத்தில் சொன்னால் தப்பில்லை என்று நினைக்கிறேன். நன்றியம்மா. நீ சொல்லியிராவிட்டால் நான் இன்னும் டீ போட்டுக்கொண்டிருப்பேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடு வாழ வேண்டும். மாப்பிள்ளையை வண்டியை மெதுவாக ஓட்டச் சொல். உன் பள்ளிக்கூடப் பெட்டியை நான் திறக்கவில்லை, அப்படியே புது வீட்டுக்கு வருகிறது. இனிக் கடிதம் போட்டால் உறையின் பின்பக்கம் எழுதியிருக்கும் புது முகவரிக்குப் போடு. இந்தப் படிகளில் இறங்கும்போது நீயும் போயிட்டு வர்றேன்ப்பா என்றுதான் சொன்னாய். அதை நான் இன்னும் அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறேன்.

என்றும் உன் நினைவில்,
அப்பா