மேகம் என்று குறித்த இரண்டு நாள்

அக்டோபர் 6

காலையில் மலையிலிருந்து டூசானுக்கு இறங்கினேன். துணி துவைத்தேன். பிரெஸ்காட் குழுவின் கட்டுரை இணையத்தில் வந்துவிட்டதாக எக்டர் செய்தி அனுப்பியிருந்தான். எங்கள் தொலைநோக்கியை இயக்குபவன் அவன். பதினோரு வருடப் பழக்கம்.

திறந்தேன். போன மே மாதம் ஒரு தொலைதூர விண்மீன் மண்டலத்திலிருந்து காமா கதிர்கள் திடீரெனப் பொங்கியதைச் செயற்கைக்கோள் பார்த்தது. அதே வாரம் அதன் சாதாரண ஒளி அதிரும் திசை அரை வட்டம் சுழன்றதாம். அந்த ஒளியை அளந்தது நான். ஒன்பது வருடமாக அளப்பதும் நான்தான். ஆசிரியர்கள் முப்பத்தொரு பேர். என் பெயர் இல்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு நன்றி: “மலையிலுள்ள பணியாளர்களுக்கு.”

பணியாளர்கள்.

அக்டோபர் 7

பிரெஸ்காட்டுக்குப் போன் செய்தேன். “ரோஸ்லின், நீங்க எடுத்துக் கொடுத்தீங்க, சரி. அதுல என்ன இருக்குன்னு கண்டுபிடிச்சது நாங்கதானே?”

எடுத்துக் கொடுத்தேனாம். கடையில் பால் வாங்கிக் கொடுத்த மாதிரி.

எக்டர் சொன்னான்: “அந்த முப்பத்தோரு பேர்ல பாதிப்பேருக்கு இந்த மலை எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது. விடாதே ராஸ்.”

விடப்போவதில்லை.

அக்டோபர் 19

இதழாசிரியருக்கான கடிதம், நான்காவது முறையாகத் திருத்தி, அனுப்பியாகிவிட்டது.

நவம்பர் 12

ஜெயித்தேன். அச்சில் என் பெயரும் சேர்கிறது. நான்காவது இடம். எக்டர் பச்சை மிளகாய் பர்ரிட்டோ வாங்கிவந்தான். “இனிமே உன்கிட்ட பேசணும்னா அப்பாயின்ட்மென்ட் வாங்கணுமோ?”

நவம்பர் 14

என் பெயரோடு வரப்போகும் கட்டுரை. வரி வரியாகப் படிப்போம் என்று உட்கார்ந்தேன். இதுவரை கோபத்தில் பெயர்ப் பட்டியலைத்தானே திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

மூன்றாவது வரைபடம். மே 11, 12. அந்த இரண்டு அளவுக்கும் பக்கத்தில் நான் எழுதியிருந்தேன்: மெல்லிய மேகம், அருகில் நிலா, பயன்படுத்தக் கூடாது. மேகத்தில் சிதறும் நிலவொளி கலந்தால் திசை தப்பாகத்தான் வரும். குறிப்பை எறிந்துவிட்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவற்றை எடுத்துவிட்டு வரைந்து பார்த்தேன். சுழற்சி என்று சொல்ல ஒன்றுமே இல்லை. திசை கொஞ்சம் ஆடியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதுக்கா நான் ஒரு மாசம் சண்டை போட்டேன்?

நவம்பர் 15

“ரெண்டு புள்ளிதானே,” என்றார் பிரெஸ்காட்.

“மொத்தக் கட்டுரையும் அந்த ரெண்டு புள்ளிமேலதானே நிக்குது?”

“சங்கடமா இருந்தா உங்க பேரை எடுத்துடறோம்.”

என்ன ஒரு பெருந்தன்மை. சேக்கறதுக்கு ஒரு மாசம், எடுக்கறதுக்கு ஒரு நிமிஷம். எடுத்துட்டா மட்டும் தப்பு சரியாயிடுமா?

“வேண்டாம், இருக்கட்டும். எழுதினவங்கள்ல ஒருத்தியாவே சொல்றேன், இது தப்புன்னு.”

நவம்பர் 16

எக்டர் முகம் சரியில்லை. “நல்லா யோசிச்சியா? தொலைநோக்கியில யாருக்கு நேரம் கொடுக்கறதுன்னு முடிவு பண்ற குழுவுக்கே அவர்தான் தலைவர்.”

யோசித்தேன். தப்பை விளக்கி இதழாசிரியருக்கு எழுதி அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 3

அடுத்த பருவத்துக்குத் தொலைநோக்கி நேரம் கேட்ட என் விண்ணப்பம் நிராகரிப்பு. “முன்னுரிமை குறைவு.” ஒன்பது வருடம் — இப்போதுதான் குறைந்ததா?

மார்ச் 9

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஐந்து வரி அறிவிப்பு, கீழே முப்பத்திரண்டு பெயர்கள். நான்காவது நான். படிப்பவர்களுக்கு நானும் தப்புச் செய்தவள்தான்.

“யார் கண்டுபிடிச்சாங்கன்னு ஒரு வார்த்தை போடலையே. கோபம் வரலையா உனக்கு?” என்றான் எக்டர்.

வராமல் என்ன. ஆனால் இன்று வேறு வேலை இருந்தது. ஒன்பது வருட அளவுகளையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைத்தேன். எண்ணை மட்டும் தனியாக யாரும் உருவ முடியாது. எடுத்தால் குறிப்போடுதான் வரும்.

மாலைக்குள் இரண்டு பேர் எடுத்திருந்தார்கள். ஒருவர் யாரென்று தெரியவில்லை. இன்னொருவர் பிரெஸ்காட்.