கழற்றிக் கழற்றிப் பூட்டிய வண்டி

பெரியவனுக்கு,

உன் பழைய பிக்கப் வண்டியை அப்பா நம் வீட்டுப் பட்டறையில் எப்போதோ சரிசெய்துவிட்டார்.

"வண்டி ரெடியானதும் எடுத்துட்டுப் போயிடு. அதுக்கப்புறம் ஒட்டும் வேண்டாம், உறவும் வேண்டாம்" என்று உன்னிடம் கத்தியவர், என்ஜின் நன்றாக ஓடும்போதெல்லாம் கியர் பாக்ஸைக் கழற்றிப் போட்டுவிடுவார். கேட்டால், "ஏதோ சத்தம் வருது" என்பார். என் காதில் ஒன்றும் விழுந்ததில்லை. வீம்பு பிடித்த மனிதர்.

தன் ஆஸ்பத்திரி விஷயத்தை உனக்கு எழுதக் கூடாதாம். நான் எழுதவில்லை.

நேற்றும் என்ஜின் நன்றாக ஓடியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஸ்பானரை என் கையில் கொடுத்தார்.

"இப்ப சத்தம் இல்ல. வந்து எடுத்துக்கச் சொல்லு."

அப்பாவைப் பார்க்க உடனே வா. வண்டி மட்டும் இங்கேயே நிற்கட்டும்.

அம்மா