சாம்பல் மேட்டுக்கு ஒரு மலை சைக்கிள்

மாமா,

சங்கரா மீன் குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிடு. கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டு ரமாபாய் அக்காவிடம் கொடு.

எண்ணூரில் நீ கண்ட மலை எது, அனல்மின் நிலையத்துச் சாம்பல் மேடா? அதற்கு ஒரு மலை சைக்கிள், அதில் நாக்கு நீளத்துக்கு மட்கார்டு! "ஸ்டைலா கீதுடி" என்றாய். லாரி ரோட்டுச் சேறு உன் முதுகில் கோடு போட்டதைப் பார்த்து என் அண்ணன் வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை.

அந்த நாக்கைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். உடைந்த நீல மீன் டிரம்மை நீளமாக வெட்டி, பின் சக்கரத்துக்கு மேல் வலைக் கயிற்றால் கட்டியிருக்கிறேன். டயரில் உரசாது, சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தேன். சாயங்காலம் அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு அந்தச் சைக்கிளில், வெள்ளைச் சட்டையிலேயே வா.

சௌமியா

பி.கு. மட்கார்டைப் பார்த்து எவனாவது சிரித்தால், கட்டியது நான் என்று சொல். அப்புறம் சிரிக்கட்டும், பார்க்கிறேன்.