உப்பில் போட்ட தவளை இரை

ஆம்பூர்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜெபராணிக்கு,

நான் நலம். போனில் பேசினால் பாதியில் சண்டை வருகிறது, மீதியில் சிக்னல் போகிறது. அதனால்தான் கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து மனைவிக்கு முதல் கடிதம் எழுதுகிறேன்.

தோல் கிடங்கில் முனீர் அகமது கேட்கிறான்: "உன் ஊட்டுக்காரம்மா அந்தமான்ல இன்னா ஆராய்ச்சி பண்றாங்க?" தவளை என்ன சாப்பிடுகிறது என்று பார்க்கிறாள் என்றேன். "அதுக்குக் கப்பல் ஏறணுமா தோஸ்த்? நம்ம ஏரித் தவளையாண்ட கேட்டா சொல்லாதா?" என்று ஒரே சிரிப்பு. அவனுக்கு நீயே பதில் எழுது.

ஒன்று மட்டும் சொல். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருகிறாயா, இல்லையா? எத்தனை தடவைதான் கேட்பது!

உன் ஜெர்சன்


மாயாபந்தர்
அந்தமான்
19 ஆகஸ்ட் 2025

அன்பானவருக்கு,

முனீர் அண்ணன் சொன்னதில் பாதி சரி. இங்கே நான் பார்ப்பதும் நம்ம ஊர்த் தவளைதான். மழைக்கு மஞ்சளாகிக் கத்துமே, அந்தப் பெரிய தவளை. யாரோ மீன்குஞ்சோடு தெரியாமல் கொண்டுவந்து விட்டதாகச் சொல்கிறார்கள். இப்போது சதுப்பு முழுக்க அதுதான். பல்லி, நண்டு, இந்தத் தீவுக் குட்டித் தவளை, எதையும் விடுவதில்லை. பக்கத்து வீட்டு வாத்துக்குஞ்சையும் விழுங்கிவிட்டது. அந்த அம்மா "உங்க ஊர்த் தவளை" என்று என்னைத் திட்டுகிறார்!

ஓர் உதவி. நம்ம ஏரியில் அது என்ன தின்கிறது என்று ஒப்பிட வேண்டும். வாய்க்குள் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விட்டால் தின்றதைக் கக்கும், பிறகு விட்டுவிடலாம். கல்யாணமான புதிதில் செய்து காட்டினேனே, முகத்தைத் திருப்பிக்கொண்டீர்களே, அதுதான். கக்கியதைக் கெடாமல் பத்திரப்படுத்தி அனுப்புங்கள்.

ஆராய்ச்சிக்காக இங்கே இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. குழப்பமாக இருக்கிறது.

ஜெபா


ஆம்பூர்
14 செப்டம்பர் 2025

அன்பு ஜெபாவுக்கு,

பார்சல் அனுப்பிவிட்டேன். முனீர் தவளையைப் பிடிக்க, நான் குழாய் வைக்க, ஏரிக்கரையில் கூட்டமே கூடிவிட்டது. கெடாமல் இருக்க நன்றாக உப்புப் போட்டிருக்கிறேன். பதனிடாத பச்சைத் தோலே எங்களிடம் உப்பில் மாதக்கணக்கில் நிற்கிறது, இது நிற்காதா?

வாத்துக்குஞ்சுக்கும் வாந்திக்கும் கீழே மூன்று வருஷத்தை எழுதியிருக்கிறாய். என்ன அர்த்தம் ஜெபா? வரமாட்டேன் என்கிறாயா? என்னை வரச் சொல்கிறாயா? அங்கே வந்து நான் என்ன பண்ணுவேன், ஒரு தோல் ஷெட்டாவது இருக்கிறதா?

தவளை விஷயமும் புரியவில்லை. இங்கே அது கத்தினால் மழை என்று சந்தோஷப்படுகிறோம். அங்கே போனதும் ராட்சசன் ஆகிவிட்டது. இடம் மாறினால் குணமும் மாறுமா? நீயும் மாறிவிட்டாயோ என்று பயமாக இருக்கிறது.

ஜெர்சன்


மாயாபந்தர்
2 அக்டோபர் 2025

அன்பானவருக்கு,

ஐயோ, உப்புக்கண்டமா போட்டீர்கள்! ஸ்பிரிட்டில் போடுங்கள் என்று எழுதாதது என் தப்புதான். புழுவெல்லாம் வதங்கி அடையாளமே இல்லை. மிஞ்சியது வண்டு ஓடு, நண்டுக் கால், ஒரு குட்டித் தவளையின் எலும்பு. ஆராய்ச்சிக்கு உதவாது. ஆனால் டப்பாவைத் திறந்ததும் உங்கள் வேலைச் சட்டை வாசனை. உடனே மூடிவிட்டு அழுதேன்.

அங்கேயும் அது கிடைத்ததைத்தான் தின்கிறது, குட்டித் தவளை உட்பட. குணம் மாறவில்லை. அங்கே உள்ளவற்றுக்கு அதனிடம் தப்பிக்கத் தெரியும், இங்கே உள்ளவற்றுக்கு அது யாரென்றே தெரியாது. நானும் மாறவில்லை. வேலையில் உட்கார்ந்தால் அங்கேயும் சோறு தண்ணி மறப்பேன், நீங்கள் வந்து புத்தகத்தை மூடுவீர்கள். இங்கே மூட ஆளில்லை.

மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்காமல் போட்டது தப்பு. கிறிஸ்துமஸுக்கு நீங்கள் இங்கே வாருங்கள். அதற்குப் பிறகு என்ன என்று எனக்கும் தெரியவில்லை.

ஜெபா


ஆம்பூர்
16 அக்டோபர் 2025

ஜெபா,

கேட்காமல் எப்படிக் கையெழுத்துப் போடலாம்? பதிலே எழுதக்கூடாது என்றுதான் கிடங்குக்குப் போனேன். முனீர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா பேஜார்? வான்னு கூப்ட்டாங்களா இல்லியா, அத்த மட்டும் சொல்லு" என்றான். கூப்பிட்டிருக்கிறாய். எனக்குப் புரிந்த ஒரே வரி அதுதான்.

டிசம்பரில் ஒரு மாதம் லீவு கேட்டுவிட்டேன், கப்பலுக்கு டிக்கெட் எடுக்கிறேன். மூன்று வருஷத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. நேரில் வந்து சண்டை போடலாம்.

ஏரியில் இன்னும் தவளை கத்துகிறது. மறுபடி பிடித்து எடுத்துவைக்கிறேன். ஸ்பிரிட் பாட்டிலைக் கப்பலில் விடுவார்களா? விசாரித்து எழுது. இந்தத் தடவை உப்பு இல்லை.

அந்த வேலைச் சட்டையைத் துவைக்காமல் கொண்டுவருகிறேன்.

உன் ஜெர்சன்